மலையேறும் அரிசி, மலையிறங்கும் கேரட்

உள்ளூரில் விளைந்ததை மட்டுமே உண்பது என்று யாராவது பேச்சை எடுத்தால், உடனே நினைவுக்கு வருவது தீவுதான். நாலு புறமும் கடல். கப்பல் வராவிட்டால் கையில் இருப்பதை வைத்துத்தான் உலை வைத்தாக வேண்டும். ஆனால் நிஜத் தீவுகளைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் கதை வேறு. லட்சத்தீவில் தேங்காயும் சூரை மீனும் சொந்தம். சோற்றுக்கான அரிசி கேரளக் கரையிலிருந்து கப்பலேறி வருகிறது. 1991-இல் சோவியத் ஒன்றியம் உடைந்து எண்ணெயும் உரமும் நின்றுபோனபோது, கியூபாவில் ஹவானாவின் காலி மனைகளெல்லாம் காய்கறிப் பாத்திகளாயின. உலகமே அதைப் பார்த்து வியந்தது. காய்கறிக்கு அந்த ஏற்பாடு கைகொடுத்தது. கோதுமைக்குக் கியூபா அப்போதும் துறைமுகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

நீலகிரியையும் பழனி மலையையும் உயிரியலாளர்கள் வானத்தீவுகள் என்று அழைப்பதுண்டு. நடுவே பாலக்காட்டுக் கணவாய். இரு பக்கமும் மேகத்துக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருக்கும் சோலைகளும் புல்வெளிகளும். வரையாட்டுக்குப் பொருந்தும் இந்தப் பெயர் சமையலறைக்கும் பொருந்தும். 2,000 மீட்டர் உயரத்தில் நெல் இல்லை, தென்னை இல்லை, எள் இல்லை, புளி இல்லை. தமிழன் சமையலுக்கு வேண்டியவற்றில் முக்கால்வாசி கீழே நின்றுவிடுகிறது. இந்த நிலையில், நகரத்தை விட்டு வந்து நீலகிரியில் கோத்தகிரிப் பக்கமும் பழனி மலையில் வட்டக்கானல் பக்கமும் அரை ஏக்கர் வாங்கிக் குடியேறியவர்கள் சிலர், மலையில் விளைந்ததை மட்டுமே உண்டு வாழப்போவதாகச் சொல்கிறார்கள். நல்ல எண்ணம்தான். கணக்குதான் இடிக்கிறது.

முதலில் எதை உள்ளூர் என்பது? 2005-இல் கனடாவின் வான்கூவரில் ஓர் இணையர் 100 மைல் சுற்றுவட்டாரத்துக்குள் விளைந்ததை மட்டும் ஓராண்டு உண்டு பார்த்தார்கள். அதிலிருந்து அந்த 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர், ஒரு அளவுகோலாகப் பரவிவிட்டது. இதை ஊட்டியில் ஊன்றி ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். கோபிச்செட்டிபாளையத்து நெல் உள்ளே வந்துவிடுகிறது. பாலக்காட்டு மட்டையரிசி, காங்கேயத்துத் தேங்காயெண்ணெய், ஈரோட்டு மஞ்சள், மைசூர்ப் பக்கத்து ராகி, ஏன், கோழிக்கோட்டு மத்தி மீன்கூட உள்ளேதான். இந்த உள்ளூர் உணவு விரதம் இருப்பவர் வாழ்க்கையில் எதையுமே மாற்ற வேண்டியதில்லை. சிக்காமல் போவது உப்பு ஒன்றுதான். தூத்துக்குடி உப்பளம் ஊட்டியிலிருந்து நேர்கோட்டில் 300 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. மலையில் தூரம் எதையும் சொல்வதில்லை, உயரம்தான் சொல்கிறது. மேட்டுப்பாளையத்தில் பாக்குத் தோப்பு. பர்லியாற்றில் மங்குஸ்தானும் ஜாதிக்காயும். அதே மலைப்பாதையில் ஒன்றரை மணி நேரம் ஏறினால் முட்டைக்கோஸ்.

அந்த உப்பிலேயே கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாம். ஏனென்றால், 'அந்தக் காலத்தில் மலை தன்னிறைவோடு இருந்தது' என்ற பேச்சு அங்கேதான் கரைகிறது.

1819-இல் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் கோத்தகிரிக்கு அருகே திம்பட்டிக்கு ஏறி வந்தபோது, மேல்மலையில் இருந்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். தோடர்கள் எருமை மேய்த்தார்கள். பாலும் நெய்யும் அவர்களிடமிருந்து வந்தன. கோத்தர்கள் இரும்பு அடித்தார்கள், பானை வனைந்தார்கள், சாவுக்கும் சடங்குக்கும் வாசித்தார்கள். குறும்பர்கள் தேனும் மூங்கில் கூடையும் காட்டுப் பொருள்களும் கொண்டுவந்தார்கள். விதைப்புச் சடங்கிலும் அவர்களுக்கு இடம் இருந்தது. படகர்கள் சாமை, ராகி, கோதுமை, பார்லி விதைத்து மற்றவர்களுக்குத் தானியம் அளந்தார்கள். யாருக்கும் எல்லாம் விளையவில்லை. எல்லோருக்கும் எல்லாம் கிடைத்தது. மானிடவியலாளர்கள் ஒரு நூற்றாண்டாக இந்தப் பண்டமாற்றைப் பற்றி எழுதித் தள்ளியிருக்கிறார்கள். அதில் யார் மேல், யார் கீழ் என்ற கணக்கும் இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. குறும்பரின் மந்திரத்துக்கு மற்றவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சம் அவர்கள் உயிருக்கே உலை வைத்த சம்பவங்களும் உண்டு. அது ஒன்றும் பொற்காலம் அல்ல.

இனி உப்புக்கு வருவோம். தோடர்களுக்கு எருமைகளுக்கு உப்பு கொடுக்கும் சடங்கு ஒன்று உண்டு. படகர்களும் மாடுகளுக்கு உப்பு நீர் கொடுக்கும் 'உப்பட்டுவ ஹப்ப' கொண்டாடுகிறார்கள். மழையில் உப்பெல்லாம் கரைந்தோடிய புல்லை மேயும் மாட்டுக்கு உப்பு உயிர்நாடி. அந்த உப்பு மலையில் கிடைக்காது. கழுதை முதுகிலோ ஆள் தலையிலோ, எப்படியோ சமவெளியிலிருந்து ஏறித்தான் வந்திருக்க வேண்டும். ரயிலும் சாலையும் வருவதற்கு முன்பே, மலையின் மிகப் புனிதமான சடங்குகளில் ஒன்று கடலோரச் சரக்கை நம்பி நடந்திருக்கிறது. மலை ஒருநாளும் கதவைச் சாத்திக்கொண்டு வாழ்ந்ததில்லை. அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு வேறு: அன்று வயிற்றை நிரப்பும் தானியம் மலையில் விளைந்தது, கீழிருந்து வந்தது உப்பும் சில்லறைச் சாமான்களும். இன்று தானியம் முழுவதும் கீழிருந்து வருகிறது. மலை வளர்ப்பது பெரும்பாலும் மற்றவர்கள் உண்பதற்கும் குடிப்பதற்கும்.

இது எப்படித் தலைகீழானது என்பதற்கு வெள்ளைக்காரரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. சல்லிவன் கொண்டுவந்த உருளைக்கிழங்கைப் படக விவசாயிகள் தங்கள் பயிராகவே ஆக்கிக்கொண்டார்கள். ஒரே நிலத்தில் நீர்போகம், கார்போகம், கடைபோகம் என்று மூன்று போகம் கிழங்கு. 1961-இல் ஊட்டி விஜயநகரம் பண்ணையில், கிழங்குச் செடியின் வேரைத் தாக்கும் தங்க நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. ஆங்கிலேயர் காலத்து விதைக்கிழங்கோடு வந்த சரக்கு அது என்பார்கள். வேரில் ஒட்டிக்கொண்டு கடுகு மணிக்கும் சிறிதாய் உருண்டிருக்கும் இந்தப் புழுவின் முட்டைக் கூடுகள், பயிரே இல்லாவிட்டாலும் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். அதன்பின் நீலகிரி விதைக்கிழங்கு வெளியே போகத் தடை வந்தது. முத்தோரையில் இருக்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் நூற்புழுவைத் தாங்கும் 'குஃப்ரி சுவர்ணா' போன்ற ரகங்களைக் கொண்டுவந்தது. ஆனால் கிழங்கின் மீதிருந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது. பலர் தேயிலைக்கு மாறினார்கள். தேயிலைக்குப் புழு பயம் இல்லை, பனியைத் தவிர வேறு பெரிய பயம் இல்லை, வாரா வாரம் பசுந்தேயிலைக்குக் காசு. 1990-களின் முடிவில் பசுந்தேயிலை விலை சரிந்தபோதுதான், தேயிலையைத் தின்ன முடியாது என்பது உறைத்தது.

இன்னொரு பக்கம் ரேஷன் அரிசி. 2011-இலிருந்து தமிழ்நாட்டில் அது விலையில்லா அரிசி. பசியைப் போக்கியதில் அதற்கு இணையான திட்டம் இல்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அரிசி சும்மா கிடைக்கும்போது சாமையை யார் குத்துவார்கள்? சாமை குத்துவதைப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தக் கேள்வியின் கனம் தெரியும். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மணி. உமி வழுவழுவென்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஈரம் இருந்தால் உமி போகாது, காய்ந்து முறுகினால் மணி நொய்யாகிவிடும். உரலில் குத்து, முறத்தில் புடை, போகாததைத் திரும்பவும் உரலில் போடு. மூன்று நான்கு முறை இப்படி. மலையின் ஈரக்காற்றில் இதெல்லாம் செய்து ஒரு வேளைச் சோறு தேறுவதற்குள் தோள்பட்டை இறங்கிவிடும். அத்தனையும் பெண்களின் தோள். சாமை மலையிலிருந்து மறைந்ததற்குப் பாரம்பரியம் மறந்துபோனது காரணம் என்று மேடையில் பேசுகிறவர்கள், ஒரு படி சாமையைக் குத்திவிட்டுப் பேசினால் நன்றாக இருக்கும்.

சரி, மனம் வைத்து எல்லோரும் பழையபடி சாமைக்குத் திரும்பினால்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நீலகிரி மாவட்டத்தில் 7,35,394 பேர். குழந்தைகளையும் சேர்த்து ஆளுக்கு ஆண்டுக்கு 100 கிலோ தானியம் என்று சிக்கனமாக வைத்தாலும் 73,500 டன் வேண்டும். சாமை ஹெக்டேருக்கு 1 டன் என்பது தாராளமான விளைச்சல்; அதில் மூன்றில் ஒரு பங்கு உமி. அப்படிப் பார்த்தால் 1,100 சதுர கிலோமீட்டருக்கு மேல் சாமை விதைக்க வேண்டும். மாவட்டத்தின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 2,550 சதுர கிலோமீட்டர். அதில் பாதிக்கு மேல் காடு. மிஞ்சிய இடத்தில் தேயிலையையும் கேரட்டையும் பிடுங்கி எறிந்து, ஊட்டியின் பழைய குதிரைப் பந்தய மைதானத்தையும் உழுது, வீடுகளையும் சாலைகளையும் பாறைகளையும்கூட விதைத்தால் ஒருவேளை சோறு தேறலாம். ராகி கொஞ்சம் இரக்கமுள்ள பயிர். ஹெக்டேருக்கு 2 டன் வரும், உமி குத்தும் வேலையும் இல்லை. அதற்கும் 370 சதுர கிலோமீட்டர் வேண்டும். இந்தக் கணக்கில் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் வந்து போகும் சுற்றுலாப் பயணிகளின் இலையை நான் இன்னும் போடவேயில்லை.

ஆக, முழு விரதம் நடக்காது. அரை விரதத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. 'குறைந்தது காய்கறியாவது உள்ளூர்தானே' என்று கேட்பார்கள். கேத்தி பாலாடாவில் நள்ளிரவு தாண்டியதும் விளக்கு கட்டிக்கொண்டு கேரட் பிடுங்குகிறார்கள். விடிவதற்குள் இயந்திரத்தில் போட்டுக் கழுவி, மூட்டை கட்டி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்கியாக வேண்டும். நாம் கடையில் பார்க்கும் அந்தப் பளபளப்பு பாலாடாவின் செம்மண்ணைக் கழுவி எடுத்த பளபளப்பு. இந்தக் கேரட்டின் வீரிய விதை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவது. எரு சமவெளிக் கோழிப்பண்ணைகளிலிருந்து லாரியில் ஏறி வருவது. உரமும் மருந்தும் அப்படியே. செங்குத்தான சரிவில், மண் அணைப்பு இல்லாமல், மேலிருந்து கீழாகப் பாத்தி போட்டால் ஒரு நல்ல மழைக்கு அந்த எருவும் மண்ணும் ஓடையில் இறங்கிவிடும். ஊட்டிக்காரர் வீட்டு வாசலில் விளைந்த கேரட்டை உண்கிறார் என்பது உண்மை; அந்தக் கேரட் தன் சாப்பாட்டை நாமக்கல்லில் வாங்குகிறது என்பதும் உண்மை. உணவு வழியாக வெளியேறும், புவியைச் சூடாக்கும் வாயுக்களில் லாரிப் பயணத்தின் பங்கு பொதுவாகச் சிறியதே. பெரும்பங்கு வயலிலும் உரத்திலும் தொழுவத்திலும்தான் இருக்கிறது. தூரத்தை மட்டும் அளப்பவர்களுக்கு இது அகப்படாது.

பழனி மலையிலும் இதே கதைதான், பெயர்கள் வேறு. பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கத்துப் பூண்டும் கேரட்டும் கீழே இறங்குகின்றன, அரிசி வத்தலக்குண்டு வழியாக ஏறுகிறது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டில் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. பஞ்சாமிர்தத்துக்கான விருப்பாச்சி வாழை இந்த மலையின் பிள்ளை. முடிக்கொத்து நோயில் ஏறக்குறைய அழிந்து, பாடுபட்டு மீட்கப்பட்டது. தேனும் ஏலமும் மலையில் கிடைக்கும். ஆனால் அதில் விழும் பேரீச்சம்பழம்? முருகனே முழு விரதம் இருக்கவில்லை என்றால் நாம் எம்மாத்திரம்.

எனக்குப் பொருத்தமாகத் தோன்றும் அளவுகோல் ஆறு. நீலகிரியில் பெய்யும் மழையின் பெரும்பங்கு பவானியாகவும் மாயாறாகவும் இறங்கிப் பவானிசாகரில் சேர்கிறது. 1932-இல் பைக்காராவில் தொடங்கி, பின்பு குந்தாவிலும், இந்தத் தண்ணீர் இறங்கும் வழியில் மின்சாரம் கொடுத்துவிட்டுத்தான் போகிறது. கோயமுத்தூர் மில்கள் ஓடியது இதில்தான். அணையைத் தாண்டிய தண்ணீர் கீழ்பவானி வாய்க்கால் வழியாக 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. கொடிவேரி அணைக்கட்டின் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் கோபியைச் சுற்றி நெல் விளைவிக்கின்றன. கோபி வயலின் நெல் நீலகிரி மழை. அது மூட்டையாகித் திரும்ப மலையேறினால் அதை வெளியூர் அரிசி என்று எப்படிச் சொல்வது? பழனி மலைக்கும் இதே பொருந்தும். பாலாறு பொருந்தலாறு, வரதமாநதி, மஞ்சளாறு அணைகளுக்குக் கீழே விளைவதெல்லாம் கொடைக்கானல் மேகத்தின் பங்கு.

இப்படிப் பார்த்தால் மலைக்காரனின் பொறுப்பு தட்டில் என்ன இருக்கிறது என்பதோடு முடிவதில்லை. ஆற்றின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவன் அவன். சோலையும் புல்வெளியும் மழையைப் பிடித்து வைத்துக் கோடையில் கசியவிட்டால்தான் கீழே இரண்டாம் போகம். அந்தப் புல்வெளிகளில் பெரும்பகுதி சீகை மரத்துக்கும் தைலமரத்துக்கும் தேயிலைக்கும் போய்விட்டது. மேய்ந்த தோடா எருமைகள் இப்போது சில ஆயிரங்களே. கேரட் பாத்தியிலிருந்து கரைந்த மருந்தும் வண்டலும் அதே பவானியில்தான் இறங்குகின்றன. மலையில் இருந்துகொண்டு இயற்கை அரிசியைத் தேடித் தேடி வாங்கும் ஒருவர், தன் தோட்டத்துச் சரிவில் மண் கரையாமல் பார்த்துக்கொண்டால் கோபி விவசாயிக்கும் தனக்கும் செய்யும் உதவி அதைவிடப் பெரிது.

அதற்காக மலையில் தானியமே வேண்டாம் என்பதல்ல. சாலை ஒரே நாளில் அறுந்துபோகும் இடம் இது. 1993 நவம்பரில் மரப்பாலத்தில் மண் சரிந்தபோதும், 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டர் மழை கொட்டியபோதும் இதைப் பார்த்தாயிற்று. அப்படிப்பட்ட வாரத்தில் வீட்டில் ஒரு குதிர் ராகி இருப்பது பழம்பெருமைக்காக அல்ல. படகர் வீட்டில் இன்றும் ராகிக் களியும் அவரைக் குழம்பான உதக்கையும் உண்டு. அவரை இன்னும் கொல்லையில் விளைகிறது, களிக்கான ராகிதான் கடையில் வாங்கியது. 2023 மே மாதத்திலிருந்து நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாக 2 கிலோ ராகி தருகிறார்கள். நல்ல திட்டம். அந்த ராகி மலைக்கு வெளியே விளைந்தது.

இங்கேயே விளைவித்தால் என்ன? ஆளுக்கு மாதம் 1 கிலோ ராகி என்று வைத்தால் ஆண்டுக்கு 8,800 டன். அதற்கு 44 சதுர கிலோமீட்டர் போதும். தேயிலைப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும் அளவு. மசினகுடிப் பக்கத்து மழை மறைவு நிலமும், கோத்தகிரிக்குக் கிழக்கே இறங்கும் இருளர், குறும்பர் ஊர்களும் ராகிக்கும் சாமைக்கும் ஏற்றவை. கோத்தகிரியில் இருக்கும் கீஸ்டோன் அமைப்பு தேனில் தொடங்கிப் பழங்குடியினரின் விளைபொருளுக்குச் சந்தை பிடித்துக் கொடுத்த அனுபவமும் இருக்கிறது. உயரம் குறைந்த கூடலூரில் நெல் வயல்களே இருந்தன. பள்ளத்தாக்கின் அடியில் தண்ணீரைத் தேக்கி வைத்த அந்த வயல்கள் ஒவ்வொன்றாக இஞ்சிக்கும் வாழைக்கும் பாக்குக்கும் மாறிக்கொண்டிருக்கின்றன. இஞ்சியில் ஒரே ஆண்டில் வீடு கட்டியவரும் உண்டு, வீட்டை விற்றவரும் உண்டு. ஆனாலும் நெல்லில் இரண்டுக்குமே வழியில்லை என்பதால் இஞ்சிதான் ஜெயிக்கிறது.

விளைவிக்கச் சொல்வது சுலபம். ராகிக் கதிர் முற்றும் நேரத்தில் காட்டு மாடு வரும், காட்டுப்பன்றி வரும், முள்ளம்பன்றி வரும், பகலில் குரங்கும் கிளியும் வரும். தேயிலையை இவற்றில் எதுவும் தொடுவதில்லை. மலைச்சரிவெங்கும் தேயிலை பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். முன்பு ஊர் முழுக்க விதைத்திருந்தது, ஊர் முழுக்க இரவுக் காவல் இருந்தது. இப்போது ஊருக்கு ஒருவர் விதைத்தால் காட்டின் மொத்த விருந்தும் அவர் வீட்டில்தான். ஆகவே ஊராகச் சேர்ந்து ஒரே பட்டத்தில் விதைக்க வேண்டும், விலங்கு தின்ற பயிருக்கு இழப்பீடு அடுத்த விதைப்புக்கு முன்பே கைக்கு வர வேண்டும், சாமைக்கு உமி நீக்கும் இயந்திரம் ஒன்றாவது பக்கத்து ஊரில் இருக்க வேண்டும், ரேஷன் ராகியில் ஒரு பங்கை மலையிலேயே கொள்முதல் செய்ய வேண்டும். வட்டக்கானலிலும் கோத்தகிரியிலும் அரை ஏக்கரோடு இருக்கும் நண்பர்கள், வாங்கும் விலையைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் முதல் இரண்டு போகங்களுக்கு அது முட்டுக் கொடுக்கும். மூன்றாம் போகத்துக்குக் கொள்முதல் நிலையம் இல்லையென்றால் அந்த நிலமும் தேயிலைக்குத்தான் போகும்.